உள்ளங்கை அளவில் புத்தர்

சேலம் மாவட்டம் ஆத்தூர் பக்கம் தியாகனூரில் கல்லில் பெரிதாக அமர்ந்திருக்கிறார் புத்தர். கம்பீரம்தான். ஆனாலும் என் மனம் ஒட்டிக்கொண்டது அவருடைய சிறிய உலோக உருவங்களில். நாகப்பட்டினத்தில் 1856 முதல் மண்ணிலிருந்து சுமார் 350 செப்புத் திருமேனிகள் கிடைத்தன. பல இப்போது சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூளாமணி விகாரை இருந்த ஊர் நாகப்பட்டினம்; அந்த விகாரைக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலம் கிராமத்தைத் தானமாகக் கொடுத்தார்.

அந்த உருவங்களின் உச்சந்தலையைக் கவனியுங்கள்: சுருள்முடிக்கு மேல் ஒரு தீச்சுடர். ஞானத்தின் அடையாளம். வலக்கை தரையைத் தொட்டால், ஞானம் பெற்ற இரவில் பூமியைச் சாட்சிக்கு அழைத்த தருணம். இரு கையும் மடியில் இருந்தால் தியானம். உள்ளங்கை நம்மை நோக்கி உயர்ந்தால் 'அஞ்சாதே'.

இத்தகைய உலோக உருவங்களை வார்ப்பது இப்படித்தான்: முதலில் மெழுகில் உருவம். அதன்மேல் மெல்லிய வண்டல் மண் பூச்சு. பிறகு கனமான மண். சூட்டில் மெழுகு உருகி வெளியேற, அந்த வெற்றிடத்தில் உலோகம் பாய்கிறது. சுவாமிமலை ஸ்தபதிகள் இன்றும் காவிரி வண்டலில்தான் இதைச் செய்கிறார்கள். அச்சை உடைத்தே சிலையை எடுக்க வேண்டும். அதனால் ஒன்றுபோல் இன்னொன்று பிறப்பதில்லை.

கடைகளில் கிடைக்கும் பித்தளைப் புத்தரை வாங்குபவர்கள் மினுமினுப்பைப் பார்க்க வேண்டாம், இமையைப் பாருங்கள். பாதி மூடிய அந்த இமைக்கோடு அராவும்போது மழுங்கியிருந்தால், மற்ற வேலை எவ்வளவு நேர்த்தியானாலும் முகம் தூங்கி வழியும்.