பெயர் மாறினால் பொருள் மாறுமா?

மெய்ம்மைக்கு அடியில் அமைந்த தகவலையே திருத்தும் ஆற்றல் என்று ஒன்று இன்றைய புனைகதைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. நம் இல்லத்துப் பிள்ளைகள் அதனை ஆர்வத்தோடு படிக்கின்றனர், திரையிலும் காண்கின்றனர். ஆயினும், அதன் எல்லை எது என்று வரையறுத்துக்கொள்ளாமல் இக்கதைகளை மதிப்பிடப் புகுந்தால், எல்லா மாயமும் ஒன்றே என்னும் மயக்கத்திற்கு ஆளாவோம்.

அஃது எது அன்று என்பதை முதலில் காண்போம். அணிமா, மகிமா என்னும் சித்திகளில் மாறுவது சித்தர்தம் உடலின் அளவு. கூடுவிட்டுக் கூடு பாய்தலில் இடம் பெயர்வது உயிர். கண்கட்டு வித்தையில் ஏமாறுவது காண்போர் கண். இம்மூன்றிலும், ஒரு பொருளை இன்னதென ஆக்கிவைக்கும் அடிப்படைக் குறிப்பு தொடப்படுவதில்லை.

அக்குறிப்பை விளங்கிக்கொள்ள, வெளிமாநிலத்தில் வாழும் நமக்குத் தொலைவு செல்ல வேண்டியதில்லை. தலைப்பெழுத்தோடு வழங்கிய நம் பெயர் இங்குள்ள பதிவேடுகளில் விரிந்து, தந்தையார் பெயர் குடும்பப் பெயராகி விடுவதுண்டு. பதிவு மாறியது, ஆள் மாறவில்லை. நாம் பேசும் ஆற்றல் இதற்கு நேர்மாறானது. அங்கே பதிவே பொருள். பதிவைத் திருத்தினால் ஆளே வேறாகிவிடுவான். இதுவே அதன் வரையறை.

இவ்வரையறையைச் செவ்விதாகக் கையாண்டவர் அமெரிக்க எழுத்தாளர் அர்சுலா லெ குவின். 1968-இல் வெளிவந்த ‘எ விசார்ட் ஆஃப் எர்த்சீ’ என்னும் புதினத்தில், கூழாங்கல்லை மணியாகத் தோன்றச் செய்தல் எளிய வித்தையே. அதனை மெய்யாகவே மணியாக்க வேண்டுமாயின் அதன் மெய்ப்பெயரை மாற்றுதல் வேண்டும். அவ்வாறு மாற்றுவது உலகையே மாற்றுவதாகும் என்று ஆசிரியர் மாணவனை எச்சரிக்கிறார். மேலும், தனக்கு அண்மையில் உள்ளதை, முழுமையாகவும் பிழையின்றியும் பெயர் சொல்ல வல்லதை மட்டுமே மந்திரவாதி ஆள முடியும். கடலை ஆள விழைபவன் அதன் ஒவ்வொரு துறைக்கும் பாறைக்கும் உரிய பெயரைக் கற்றாக வேண்டும். எனவே அங்கு ஆற்றல் என்பது கல்வியின் மறுபெயராகிறது.

1999-இல் வந்த ‘தி மேட்ரிக்ஸ்’ திரைப்படத்தில் கணிப்பொறி நிரலே அவ்வடிப்படைத் தகவல். நாயகன் நியோ, தன்னைச் சூழ்ந்த உலகை நிரலாகவே காணும் நிலையை எய்துகிறான். அவ்வுலகம் ஒரு போலி. அதற்குள் மட்டுமே அவன் வல்லவன். இவ்வரம்பு தெளிவாக இருந்தவரை கதைக்கு உயிர் இருந்தது. 2003-இல் வந்த இரண்டாம் படத்தின் இறுதியிலோ, போலியுலகிற்கு வெளியேயும் அவன் இயந்திரங்களைக் கையசைவால் நிறுத்துகிறான். அங்கே வரையறை தளர்ந்தது. இது போலிக்குள் மற்றொரு போலியோ என்று பார்வையாளர் ஐயுற்றனர்.

ஆகவே இத்தகைய கதை எதனைப் படிப்பினும் மூன்று வினாக்களை எழுப்புதல் நன்று. மாற்றப்படும் தகவல் எது? அதனைப் படிக்கவும் திருத்தவும் உரியவர் யார்? திருத்தியவர் கொடுக்கும் விலை என்ன? இம்மூன்றுக்கும் விடையில்லாத கதையில் இறந்தவரை ஒரு வரியில் எழுப்பிவிடலாம். ஆதலின் எந்த இறப்புக்கும் நாம் கண்ணீர் சிந்தமாட்டோம். வரம்பு ஆற்றலுக்குக் குறை அன்று; கதைமாந்தர்க்காக நாம் அஞ்சவும் அழவும் இடந்தருவது அதுவே.