கையெழுத்துப் போட்டதும் ஒரு பெண்தான்

2022 ஏப்ரலில் ஸ்டாக்ஹோமில் எடுத்த படம் ஒன்றை முதுகலை வகுப்பில் காட்டினேன். ஸ்வீடன் பிரதமர் மக்தலேனா ஆண்டர்சனும் பின்லாந்து பிரதமர் சன்னா மரினும் செய்தியாளர்கள் முன் நிற்கிறார்கள். பேச்சு, நேட்டோ ராணுவக் கூட்டணியில் சேர்வது பற்றி. "போர்னாலே ஆம்பளைங்கதான் பேசுவாங்க மேடம். இங்க முடிவெடுக்கிறதே பொண்ணுங்க" என்றாள் ஒரு மாணவி, கண்கள் மின்ன. அன்று அவளுக்குச் சரியாகப் பதில் சொல்லவில்லை.

மகனைப் போருக்கு அனுப்பும் தாயைப் புறநானூற்றில் பாடிய ஒக்கூர் மாசாத்தியாரும் பெண்தான். அதனாலேயே அது பெண்ணியப் பாட்டாகிவிடுமா? மூதின்முல்லை நடத்தும்போதெல்லாம் கேட்கும் கேள்வியை அன்று ஏனோ கேட்கத் தோன்றவில்லை.

1814க்குப் பிறகு ஸ்வீடன் தன் பேரில் போரில் இறங்கியதில்லை. அந்த நடுநிலை அப்பழுக்கற்றது என்று சொல்லமாட்டேன். பனிப்போர்க் காலத்தில் நேட்டோவோடு ரகசிய ஒத்துழைப்பு இருந்தது. ஆயுத வியாபாரமோ நமக்கே தெரியும், போஃபர்ஸ் பீரங்கி அங்கிருந்து வந்ததுதான். ஆனால் அந்த நடுநிலைக்குள் பெண்கள் ஒரு வேலை செய்திருக்கிறார்கள். 1950களில் சொந்தமாக அணுகுண்டு செய்யலாமா என்று நாடு யோசித்தபோது, ஆளும் சமூக ஜனநாயகக் கட்சியின் பெண்கள் அமைப்பு, இங்கா தோர்சன் தலைமையில், தன் கட்சித் தலைவர்களையே எதிர்த்துக் கூடாது என்றது. தில்லியில் தூதராக இருந்த ஆல்வா மிர்தால் பிறகு ஆயுதக் குறைப்புப் பேச்சுகளில் வல்லரசுகளைக் கேள்வி கேட்டார். 1982இல் அமைதி நோபலைப் பகிர்ந்துகொண்டார். 2014இல் வெளியுறவு அமைச்சர் மார்கோட் வால்ஸ்ட்ரோம் 'பெண்ணிய வெளியுறவுக் கொள்கை' என்று அறிவித்தது வெறும் வானத்திலிருந்து குதித்ததல்ல.

2022 மே மாதம் அதே பெண்கள் அமைப்பு நேட்டோ வேண்டாம் என்றது. அதன் தலைவி ஆனிகா ஸ்ட்ராண்ட்ஹால் அப்போது அமைச்சரும்கூட. மே 15இல் கட்சித் தலைமை சேரலாம் என்று முடிவெடுத்தது. இரண்டு நாளில் விண்ணப்பத்தில் கையெழுத்திட்டவர் வெளியுறவு அமைச்சர் ஆன் லிண்டே. பெண்ணிய வெளியுறவுக் கொள்கை அப்போதும் அவர் பொறுப்பில்தான் இருந்தது.

உக்ரைன் மீது குண்டு விழுவதைப் பார்த்த பக்கத்து நாட்டின் பயத்தை நான் கேலி செய்யவில்லை. சென்னையில் உட்கார்ந்து அந்தப் பயத்தை அளப்பது சுலபம். என் கேள்வி வேறு: அந்தப் பாதுகாப்புக்கு யார் விலை கொடுத்தார்கள்?

அமினே ககாபாவே ஈரானில் பிறந்த குர்து இனப் பெண். இளம் வயதில் பெஷ்மெர்கா போராளி, பிறகு ஸ்வீடனில் கட்சி சாராத எம்.பி. 2021 நவம்பரில் ஆண்டர்சனுக்கு எதிராக 174 வாக்குகள் விழுந்தன. இன்னும் ஒன்று விழுந்திருந்தால் அவர் தோற்றிருப்பார். எதிர்த்து வாக்களிக்காமல் ககாபாவே விலகி நின்றதால்தான் நாட்டின் முதல் பெண் பிரதமர் கிடைத்தார். அதற்கு அவர் கேட்டது, வடக்கு சிரியாவின் குர்துகளுக்கு ஆதரவு. ஐ.எஸ். அமைப்போடு பெண்கள் துப்பாக்கி ஏந்திச் சண்டையிட்ட மண் அது. கட்சி எழுத்தில் ஒப்புக்கொண்டது.

ஏழு மாதம். துருக்கி சம்மதிக்காமல் நேட்டோ கதவு திறக்காது. 2022 ஜூன் 28இல் மாட்ரிட்டில், அதே குர்து அமைப்புகளுக்கு ஆதரவு தரமாட்டோம் என்று ஸ்வீடன் துருக்கிக்கு எழுதிக் கொடுத்தது. கையெழுத்து, மறுபடியும் லிண்டே. பெண்களுக்கு உரிமை, பிரதிநிதித்துவம், வளம் என்று முழங்கிய ஒரு கொள்கை, முதல் பேரத்திலேயே யாரை விட்டுக்கொடுக்கலாம் என்று காட்டிவிட்டது. அக்டோபரில் வந்த வலதுசாரி அரசு அந்தப் பெயரையே கைவிட்டபோது பலர் அதிர்ந்தார்கள். எனக்கு அதிர்ச்சி வரவில்லை. உள்ளே இருந்தது ஜூனிலேயே போயிருந்தது.

2024 மார்ச் 7இல் ஸ்வீடன் நேட்டோவின் 32ஆவது உறுப்பினரானது. ஜூனில் அமெரிக்கப் படைகளுக்குத் தளங்களைத் திறந்துவிடும் ஒப்பந்தத்தை நாடாளுமன்றம் 266க்கு 37 என்று ஏற்றது. ஸ்வீடன் மண்ணில் அணு ஆயுதம் கூடாது என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி அமைதி அமைப்புகள் கேட்டிருந்தன. தோர்சனின் பெண்கள் சண்டை போட்டு வாங்கிய அந்த ஒரு வரி, ஒப்பந்தத்தில் இல்லை.