கப்பல் பட்டியலில் சேலம் ஜில்லா

டர்பனிலிருந்தோ மொரீஷியஸிலிருந்தோ வேர் தேடித் தமிழகம் வருகிறவர்கள் நம்பி வருவது பெரும்பாலும் ஒரே ஒரு தாளை. ஒப்பந்தக் கூலியாகப் போன மூதாதையைப் பற்றி அன்றைய எழுத்தர் கப்பல் பட்டியலில் எழுதி வைத்த பதிவின் நகல் அது. பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் எல்லாம் இருக்கும். உடம்பில் இருந்த தழும்புகூட இருக்கும். ஜில்லா என்ற கட்டத்தில் சேலம் என்று இருந்தால் தேடல் நம் பக்கம் திரும்புகிறது. ஆத்தூர், ராசிபுரம், நாமக்கல், திருச்செங்கோடு என்று வண்டி சுற்றத் தொடங்குகிறது.

இந்தத் தேடலை நான் மதிக்கிறேன். மதிப்பதால்தான் அது எங்கே தடம் மாறுகிறது என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

1860 நவம்பர் 16 அன்று ட்ரூரோ என்ற கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் போய்ச் சேர்ந்தது. 1911 வரை டர்பன் அடங்கிய நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்ட இந்தியர்கள் 1,52,184 பேர். ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் கப்பலேறியவர்கள். கரும்புத் தோட்டத்தில் அவர்களுக்குப் பெயரைவிடப் பதிவு எண்தான் முக்கியமாக இருந்தது. அன்று ஆளை அடக்கி வைக்கப் பயன்பட்ட அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு இன்றைய பேத்தி பூட்டனின் பெயரை மீட்கிறாள். மொரீஷியஸில் மோகாவிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்தில் சிலருடைய புகைப்படமும் கிடைக்கும். நாலைந்து தலைமுறைக்கு முந்தைய முகத்தைப் பார்ப்பது சாதாரண விஷயம் கிடையாது.

அந்தத் தாளோடு ஊர்ச் சரித்திரத்தையும் சேர்த்துப் படித்தால் இன்னொன்றும் விளங்கும். 1866இல் நின்ற நேட்டால் கப்பல் போக்குவரத்து 1874இல் மறுபடி தொடங்கியது. இரண்டே வருடத்தில் தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1871 கணக்கெடுப்பில் சேலம் ஜில்லாவில் ஏறத்தாழ 19 லட்சத்து 67 ஆயிரம் பேர் இருந்தார்கள். பத்து வருடம் கழித்து 16 லட்சம் பேர்தான். செத்தவர்கள் போக, பிழைக்க ஊரைவிட்டுப் போனவர்களும் அந்தக் குறைவில் அடக்கம். "ஏமாற்றிக் கூட்டிப் போனார்கள்" என்பது பல குடும்பங்களில் சொல்லப்படும் கதை. அது பொய்யில்லை. ஆனால் வயிற்றுக்கு வழியில்லாத ஒருவர் எடுத்த முடிவும் அதற்குள் இருந்தது என்பதைத் தாளில் உள்ள வருடம் காட்டிவிடுகிறது. பிடித்துக் கொண்டுபோகப்பட்டவராக மட்டும் தெரிந்த மூதாதை, யோசித்து முடிவெடுத்த மனிதராகவும் தெரிகிறார். வேர் தேடலின் பெரிய லாபம் இது என்பேன்.

ஊரைக் கண்டுபிடிப்பதில் சிக்கல் தொடங்குகிறது. பட்டியலில் உள்ள சேலம் ஜில்லா இன்றைய சேலம் மாவட்டத்தைப் போலப் பல மடங்கு பெரியது. 1965இல் தர்மபுரி பிரிந்தது, 1997இல் நாமக்கல் பிரிந்தது, 2004இல் தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது. அதற்கும் முன்னே திருப்பத்தூர் இந்த ஜில்லாவில்தான் இருந்தது. ஆங்கில எழுத்தில் காதில் விழுந்தபடி எழுதிய ஊர்ப்பெயர்கள் வேறு. வேலூர் என்று மட்டும் எழுதியிருந்தால் அது காவிரிக் கரையிலுள்ள பரமத்தி வேலூரா, வட ஆற்காட்டு வேலூரா? புதுப்பாளையமும் புதுப்பட்டியும் எத்தனை? தாலுகா கட்டமும் தெளிவில்லாமல் போனால், "இதுதான் உங்கள் ஊர்" என்று யாரோ ஒருவர் காட்டும் ஊரை நம்புவதைத் தவிர வழியில்லை. உருக்கத்தோடு வருகிறவருக்கு ஏதாவது ஒரு ஊரைக் காட்டிவிட வேண்டும் என்று கூட இருப்பவர்களுக்கும் தோன்றிவிடுகிறது. நல்ல மனசோடு செய்தாலும் அது தவறான வேலை.

இதைவிட எனக்குக் கவலை தருவது குலதெய்வத் தேடல். நம் பக்கத்தில் ஒருவர் எந்த இடத்தைச் சேர்ந்தவர் என்பதற்குக் குலதெய்வமே விடை. பங்காளிகள் கூடி, தலைக்கட்டு வரி போட்டுத் திருவிழா நடத்துவார்கள். அந்த வரியில் பெயர் இருந்தால் சொந்தம். கடல்கடந்து போன குடும்பத்தின் பெயர் நூற்றைம்பது வருடமாக எந்த வரியிலும் கிடையாது. ஆகவே சாதியைக் கேட்டுத்தான் கோயிலைக் காட்ட முடிகிறது. நேட்டாலில் பட்டப்பெயர்கள் குடும்பப் பெயர்களாக நின்றுவிட்டன. கவுண்டர் என்பதன் அந்நாட்டு வடிவமான கோவெண்டர் என்ற பெயரோடு வருகிறவரிடம் ஊர்க்காரர் கேட்பது "எந்தக் கவுண்டர்?" என்றுதான். கொங்கு வேளாளர், வன்னியர், வேட்டுவர், குரும்பர், கொல்லிமலையின் மலையாளிப் பழங்குடியினர் எல்லாரும் இங்கே அந்தப் பட்டத்தைப் போட்டுக்கொள்கிறவர்கள். அங்கே பல கலப்பு மணங்களைக் கடந்து, அந்தக் கேள்வியே தேவைப்படாமல் வளர்ந்த ஒரு பெண், தன் வேரைப் பார்க்க வந்த இடத்தில் முதல் முறையாகச் சாதிக்குப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது.

பட்டியலில் ஒடுக்கப்பட்ட சாதியின் பெயர் இருந்தால் நிலைமை இன்னும் கடினம். கப்பலேறியவர்களில் அப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர். அவர்கள் ஊரைவிட்டுப் போனதற்கான காரணத்தில் பஞ்சம் ஒரு பகுதி, ஊருக்கு வெளியே ஒதுக்கி வைத்த வாழ்க்கை இன்னொரு பகுதி. அவர்களுடைய பேரப்பிள்ளைகளிடம் ஊர்க்கோயிலை மட்டும் காட்டி, "இது உங்கள் பாரம்பரியம்" என்று சொல்வது சரித்திரத்தில் பாதியை மறைப்பது.

பெண்வழி அடியோடு தொலைந்துவிடுகிறது. நூறு ஆணுக்கு நாற்பது பெண் என்ற கணக்கில்தான் ஆள் ஏற்றினார்கள். அப்படிப் போன பெண்களில் தனியாகப் போனவர்களும் உண்டு. குலதெய்வமோ தகப்பன்வழியில் வருவது, கல்யாணத்தோடு பெண்ணுக்கு மாறிவிடுவது. நூற்றைம்பது வருடத்துக்கு முன் ஒருவருக்கு முப்பதுக்கும் மேற்பட்ட முன்னோர்கள் இருந்திருப்பார்கள். அவர்களில் ஒரே ஒரு ஆணின் ஊரைத் தேடி, அதையே முழு வேர் என்கிறோம். குலம் கேட்காத தெய்வங்களும் நம் பக்கத்தில் உண்டு என்பதையும் சொல்ல வேண்டும். மோகனூர் நாவலடி கருப்பண்ணசாமியிடம் யார் வேண்டுமானாலும் மனு எழுதிக் கட்டிவிட்டு வரலாம்.

அயலகத் தமிழ் இளைஞர்களுக்காகத் தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'வேர்களைத் தேடி' பண்பாட்டுப் பயணம் இந்தச் சிக்கல்களில் பலவற்றைத் தவிர்த்துவிடுகிறது. யார் எந்தச் சாதி, எந்தக் கிளை என்று கேட்காமல் தமிழ்நாடு முழுவதையும் வேராகக் காட்டுகிறது. அது பெரிய நல்லது. ஆனால் காட்டப்படுவதில் மாமல்லபுரமும் தஞ்சைப் பெரிய கோயிலும்தான் முன்னால் நிற்கின்றன. கம்பும் சோளமும் விதைத்து வானம் பார்த்த குடும்பத்தின் பிள்ளைக்கு அரசர் கட்டிய கோபுரம் பெருமை தரும். தன் பாட்டி என்ன சாப்பிட்டாள், எதற்கு அழுதாள் என்பதை அது சொல்லாது. அதோடு, பார்ப்பவராக வந்தவர் பார்ப்பவராகவே திரும்புகிறார்.

இந்த இடத்தில் ஹங்கேரி நினைவுக்கு வருகிறது. அங்கிருந்தும் ஏராளமானோர் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனார்கள், அவர்களுடைய பேரப்பிள்ளைகளும் வேர் தேடித் திரும்பி வருகிறார்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இசையமைப்பாளர்கள் பேலா பார்டோக்கும் ஸோல்டான் கோடாயும் ஃபோனோகிராஃப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிராமம் கிராமமாகப் பாட்டுச் சேகரித்தார்கள். 1972இல் புடாபெஸ்ட் இளைஞர்கள் ஒரு படி மேலே போனார்கள். டிரான்சில்வேனியக் கிராமங்களில் ஆடிய ஆட்டத்தை மேடை நிகழ்ச்சியாக்காமல், மாலையில் கூடி எல்லாரும் கற்று ஆடும் கூடமாக நடத்தினார்கள். தாந்த்ஸ்ஹாஸ் என்ற அந்த முறையை 2011இல் யுனெஸ்கோ மரபைக் காக்கும் சிறந்த நடைமுறைகளில் ஒன்றாகப் பதிவு செய்தது. கால் பழகினால் போதும், ஆட்டம் உன்னுடையது. பாட்டன் ஊர்ப் பத்திரம் தேவையில்லை.

நம்மிடம் அதற்கான சரக்கு இல்லாமலா? மேட்டூர்ப் பக்கம் ஏர்வாடியில் மணல்வீடு இதழை நடத்தும் மு. ஹரிகிருஷ்ணன் கூத்துக் கலைஞர்களோடு பல வருடமாக வேலை செய்கிறார். சேலம் வட்டாரத்தில் கூத்து இன்னும் உயிரோடு இருக்கிறது. நேட்டாலுக்கும் தெருக்கூத்து போயிருக்கிறது, 'ஆறடி நடனம்' என்று பொருள்படும் ஆங்கிலப் பெயரில் அங்கே அது ஆடப்பட்டது. வேர் தேடி வருகிற இளைஞரை ஒரு சீசன் முழுக்கக் கூத்து ஜமாவோடு தங்க வைத்தால், அவர் அடவு கற்றுக்கொண்டு போவார். அந்த வாத்தியாருக்குச் சம்பளமும் கிடைக்கும்.

சாப்பாட்டிலும் இதே கதைதான். ஆடி மாதம் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்ற இங்கே முந்தின நாளே கேழ்வரகு மாவைக் கரைத்துப் புளிக்க வைப்பார்கள். நொய்யை வேகவிட்டு, புளித்த மாவை ஊற்றி, கட்டி தட்டாமல் துடுப்பால் கிளறிக்கொண்டே இருக்க வேண்டும். அடி பிடித்தால் மொத்தமும் வாசம் மாறிவிடும். ஆறின பிறகு மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் கிள்ளிப் போடுவார்கள். நேட்டாலிலும் மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறார்கள். ஆடி அங்கே குளிர்காலம். கேழ்வரகு இருந்த இடத்தில் மக்காச்சோள மாவு வந்துவிட்டது. இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் பெரிய கூட்டம் கூடுவது புனித வெள்ளி அன்று, தொழிலாளிக்கு விடுமுறை கிடைத்த நாள் அது. இவற்றை மூலத்திலிருந்து வழுவியதாகப் பார்க்கிறவர்களை நான் ஏற்க மாட்டேன். மாவு மாறியும் புளிப்பும் அம்மனும் மாறவில்லை. டர்பன் கோயிலின் கூழும் சேலத்துக்காரர் போய்ப் பார்க்க வேண்டிய மரபுதான்.

வேர் பற்றிப் பேசும்போது நாம் வசதியாக மறந்துவிடும் ஒரு கூட்டம் உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குத் திருச்சி, சேலம், மதுரைப் பக்கமிருந்து கங்காணிகள் வழியாகப் போனவர்களின் வாரிசுகள். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. வந்தவர்களைப் பாட்டன் ஊர் 'சிலோன்காரங்க' என்றது. விமானத்தில் வரும் விருந்தாளிக்கு மாலை போடும் அதே ஊர், கப்பலில் வந்து இறங்கிய உறவுக்கு வாடகை வீடு தரத் தயங்கியது. வேருக்கு மரியாதை என்பதை நாம் பாஸ்போர்ட் பார்த்துத் தருகிறோமோ என்ற கேள்வி இங்கே எழாமல் இருக்காது.

இந்தத் தேடல் ஒருபக்கமாகவே நடக்கிறது என்பது எனக்குள்ள கடைசிக் குறை. போனவர்களின் பேரப்பிள்ளைகள் தேடுகிறார்கள், இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தேடவில்லை. நேட்டால் கப்பல் பட்டியல்கள் வரலாற்றாசிரியர் ஜாய் பிரெய்ன் எடுத்த முயற்சியால் எப்போதோ கணினியில் ஏறிவிட்டன. அவற்றிலிருந்து சேலம் ஜில்லாப் பதிவுகளை மட்டும் பிரித்து, ஊர்ப்பெயர்களைப் பழைய நில அளவைப் பதிவேடுகளோடு ஒப்பிட்டுத் தமிழில் எழுத வேண்டும். பெரியார் பல்கலைக்கழக வரலாற்று மாணவர்கள் கையில் எடுத்தால் முடிகிற வேலை. சாதிக் கட்டத்தைத் தேடுபொருளாக்காமல், தாலுகா, கிராமம், வருடம் என்று அடுக்கி, சேலத்திலும் நாமக்கல்லிலும் உள்ள மாவட்ட மைய நூலகங்களில் வைத்தால், ராசிபுரத்துப் பள்ளிக்கூடப் பிள்ளை ஒருத்தி தாது வருஷத்தில் தன் ஊரிலிருந்து எத்தனை பேர் போனார்கள் என்று எண்ணிப் பார்க்க முடியும்.