கட்டியக்காரனின் கேள்வி: ந. முத்துசாமியின் நாடகங்களும் எல்லைப்புறக் கூத்தும்

தமிழ் நவீன நாடகத்தின் முதன்மைப் படைப்பாளிகளுள் ஒருவரான ந. முத்துசாமி (1936–2018) காவிரிப் படுகையிலுள்ள புஞ்சை என்னும் ஊரில் பிறந்து சென்னையில் வாழ்ந்து மறைந்தவர். எனினும், அவருடைய நாடகங்களைச் சுவைப்பதற்கு வேண்டிய பார்வைப் பயிற்சி, அவர் வாழாத கிருஷ்ணகிரி மாவட்டத்துக் கூத்துக் களங்களில் இன்றும் குறைவின்றிக் கிடைக்கிறது. சிப்காட் தொழிற்பேட்டையும், அதை ஒட்டிப் பெருகிய வாகன, கடிகார ஆலைகளும், பெங்களூருக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவு என்ற நெருக்கமும் அம்மாவட்டத்தின் எல்லை நகரான ஓசூரின் முகத்தை மாற்றிவிட்டன. ஆயினும் மாவட்டத்தின் பல ஊர்களில் கோடைக்காலம் வந்துவிட்டால் திரௌபதியம்மன் கோயில் முன்பாகப் பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நடப்பது நின்றுவிடவில்லை. தமிழோடு தெலுங்கையும் கன்னடத்தையும் வீட்டுமொழியாகக் கொண்டவர்கள் கலந்து வாழும் இப்பகுதியில், ஷிப்டு முடித்து வந்தவரும் வயலிலிருந்து வந்தவரும் ஒரே களத்தைச் சுற்றி உட்கார்ந்து விடியும்வரை பார்க்கிறார்கள்.

அக்களத்துக்குள் ஒரு பாத்திரம் வரும் முறை கூர்ந்து கவனிக்கத்தக்கது. இருவர் ஒரு துணியைத் திரையாகப் பிடித்து நிற்க, அதன் பின்னாலிருந்து முதலில் சலங்கையொலியும் கிரீடத்தின் நுனியுமே வெளிப்படுகின்றன. மத்தளமும் ஆர்மோனியமும் முகவீணையும் சேர்ந்து எழும்ப, துரியோதனனாக வேடமிட்டவர் துரியோதனன் வந்தான் என்று தம்மையே படர்க்கையில் வருணித்துப் பாடுகிறார். திரை விலகியதும், அரசனின் வருகையை அறிவிப்பவனாகவும் கோமாளியாகவும் ஊராரின் சார்பில் பேசுபவனாகவும் ஒருங்கே விளங்கும் கட்டியக்காரன், அவரை நோக்கி யார் என்றும் எதற்கு வந்தார் என்றும் கேட்கிறான். பார்ப்போர் அனைவருக்கும் விடை தெரியும். தெரிந்த விடை எப்படிச் சொல்லப்படுகிறது என்பதில்தான் அவர்களுடைய கவனம் முழுவதும் குவிகிறது. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவலை நம்பி எழுதப்படும் சபா நாடகத்துக்கும் கூத்துக்கும் உள்ள அடிப்படை வேறுபாடு இதுவே.

முத்துசாமி இந்த இலக்கணத்துக்கு நேர்வழியில் வந்து சேரவில்லை. சி.சு. செல்லப்பாவின் 'எழுத்து' இதழின் வழியாக அறிமுகமான சிறுகதையாசிரியர் அவர். 'நீர்மை' தொகுப்பிலுள்ள கதைகளின் நுணுக்கமான நினைவோட்டத்தை மதிப்பவர்கள், அவர் கதையை விட்டு நாடகத்துக்குப் போனதை இழப்பாகவே கருதக்கூடும். அவருடைய முதல் நாடகமான 'காலம் காலமாக', 1960களின் இறுதியில், சேலத்திலிருந்து வெளிவந்த 'நடை' சிற்றிதழில் இடம்பெற்றது. அதனையும் அதன்பின் வந்த 'நாற்காலிக்காரர்', 'அப்பாவும் பிள்ளையும்' ஆகியவற்றையும் அபத்த நாடகங்கள் என வகைப்படுத்துவது வழக்கம். காரணகாரியத் தொடர்பு அறுந்த உரையாடலின் மூலம் வாழ்வின் பொருளின்மையைக் காட்டும் ஐரோப்பிய வகையே அபத்த நாடகம் எனப்படுவது. அந்த வகைப்பாடு பாதி உண்மைதான். 'நாற்காலிக்கார'ரில் தேர்தல் அரசியல் விளையாட்டுக் கோஷ்டிகளின் சச்சரவாகச் சிறுத்துப்போவதைக் காணும் கூத்துப் பார்வையாளருக்கு அவ்வகையின் முதன்மை நாடகாசிரியரான சாமுவேல் பெக்கெட் நினைவுக்கு வரமாட்டார். அரசனை நிறுத்திவைத்து அற்பக் கேள்விகளால் அலைக்கழிக்கும் கட்டியக்காரன்தான் வருவான்.

இந்த உறவை முத்துசாமியே அறிந்துகொண்டது புரிசை கண்ணப்பத் தம்பிரானின் கூத்தைக் கண்ட பிறகு. திருவண்ணாமலை மாவட்டத்துப் புரிசையில் வழிவழியாகக் கூத்தாடிவந்த குடும்பத்தைச் சேர்ந்த தம்பிரானின் ஆட்டத்தில், பழைமையின் எச்சத்தை அன்றி, தமிழருக்கே உரிய முழுமையான ஓர் அரங்க மொழியைக் கண்ட அவர், 1977இல் கூத்துப்பட்டறையைத் தோற்றுவித்தார். தம் சிந்தனைகளை 'அன்று பூட்டிய வண்டி' என்ற கட்டுரை நூலில் வாதிட்டு நிறுவினார். நடிப்பு என்பது முகபாவமும் வசன உச்சரிப்பும் மட்டுமே என்றிருந்த சூழலில், கூத்தின் அடவையும் சிலம்பத்தையும் முழுநேரப் பயிற்சியாக்கி, உடல் முழுவதும் பேச வேண்டும் என்று அந்தப் பட்டறை வற்புறுத்தியது. பசுபதி, கலைராணி, குரு சோமசுந்தரம் போன்றோரைத் திரைப்படத்தில் மட்டும் கண்டவர்கள்கூட, அவர்கள் நிற்கும் நிலையிலேயே அந்தப் பயிற்சியின் தடத்தை உணர முடியும்.

'சுவரொட்டிகள்', 'கட்டியக்காரன்', 'உந்திச்சுழி', 'இங்கிலாந்து', 'நற்றுணையப்பன்', 'படுகளம்' எனத் தொடர்ந்த நாடகங்களில் ஒரு வாக்கியம் திரும்பத் திரும்ப வரும். ஒவ்வொரு முறையும் வேறு உடலிலிருந்து, வேறு தாளத்தில் வருவதால் அதன் பொருள் நகர்ந்துகொண்டே இருக்கும். நற்றுணையப்பர் புஞ்சைக் கோயிலின் இறைவன் என்பதும், நிலத்தில் மண்ணால் கிடத்தப்பட்ட துரியோதனன் உருவத்தின்மேல் பாரதக் கூத்து முடிவுறும் சடங்கே படுகளம் என்பதும், நவீனம் என்று பெயர் பெற்ற இந்த எழுத்து எந்த மண்ணில் வேரூன்றியிருந்தது என்பதைக் காட்டப் போதுமானவை.

கர்நாடக எல்லைக்கு அப்பால் பார்த்தால் இந்த எழுத்தின் தனித்தன்மை மேலும் விளங்கும். கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட் 1971இல் எழுதிய 'ஹயவதன' நாடகம், அங்குள்ள நாட்டார் அரங்கான யக்ஷகானத்தின் பாகவதரை, அதாவது பாடிக் கதையை நடத்திச் செல்பவரை, மேடையின் நடுவில் கொண்டுவந்து நிறுத்தியது. ஆயினும் அவருடைய நாடகத்தின் வலிமை இறுதிவரை கதையின் திருப்பங்களில்தான் தங்கியிருக்கிறது. கர்னாட் நாட்டார் அரங்கின் சட்டகத்தை எடுத்துக்கொண்டு கதையைக் காப்பாற்றினார். முத்துசாமியோ கதையைக் கைவிட்டுக் கூத்தாடியின் குரலையும் உடலையும் எடுத்துக்கொண்டார். ஆகவே முன்னவர் பல மொழிகளுக்கு எளிதில் பயணம் செய்தார். பின்னவர் தமிழ் உச்சரிப்போடு பிரிக்க முடியாமல் பிணைந்துவிட்டார்.

இதற்கு ஒரு விலையும் உண்டு. சில நாடகங்களில் வாக்கியங்கள் தம்மையே சுற்றிச் சுழன்று, நடிகரின் ஆற்றல் சற்றுக் குறைந்தாலும் வெறும் சொற்பெருக்காகத் தேய்ந்துவிடுகின்றன. பத்மஸ்ரீ (2012), சங்கீத நாடக அகாதெமி விருது ஆகியவை அவரைத் தேடி வந்தன; ஆனால் எந்தக் கூத்திலிருந்து அவர் கற்றாரோ அந்தக் கூத்தின் பார்வையாளர்களைக் காட்டிலும் நகரத்துச் சிறு வட்டமே அவரைக் கொண்டாடியது. புரியாத நாடகம் என்ற பெயரும் அந்த நகரத்தில்தான் ஒட்டிக்கொண்டது. ஆகையால் முத்துசாமியின் நாடகப் பிரதியைக் கையில் எடுக்கும் ஓசூர், கிருஷ்ணகிரி வாசகர்கள், முதலில் ஒரு பாரதக் கூத்தைப் படுகளம்வரை பார்த்துவிட்டு, பிறகு அப்பிரதியை இருவர் மூவராகக் கூடி வாய்விட்டுப் படிக்க வேண்டும்.