இளங்கோழிக்கு ஒவ்வாத பழைய பக்குவம்

பிரான்சில் பர்கண்டிப் பகுதியின் பேரோடு சேர்த்துச் சொல்லப்படும் 'கோக் ஓ வான்' பண்ணை வீட்டுச் சிக்கனத்தில் உருவான சமையல். வயதான சேவலின் கறி எளிதில் பல்லுக்கு அடங்காது. சிவப்பு ஒயினில், சிறு தீயில், மணிக்கணக்காகக் கிடந்தால்தான் வழிக்கு வரும். முதிர்ந்த பறவையின் தசையைச் சுற்றிக் கொலாஜன் நார்கள் இறுகப் பின்னியிருக்கும். நீண்ட சூட்டில் அவை ஜெலட்டினாகக் கரையும்போது கறி மெத்தென்றாகும், குழம்பும் உதட்டில் ஒட்டும் பதத்துக்குத் திரளும். கடைசியில் சேவலின் ரத்தத்தையே கலந்து கெட்டியாக்குவது பழைய வழக்கம். பறவையின் வயதுதான் இந்தப் பக்குவம் முழுவதையும் தீர்மானித்தது.

இன்று வீட்டில் இதைச் செய்கிறவர்களில் பெரும்பாலோர் கையில் இருப்பது சில வாரமே வளர்ந்த பிராய்லர். அதில் கரைக்கவேண்டிய அளவுக்கு நாரே இறுகியிருக்காது. ஆனாலும் பல செய்முறைகள் ஓர் இரவு ஒயினில் ஊறவைத்து, பிறகு இரண்டு மணி நேரம் வேகவிடச் சொல்கின்றன. இளங்கோழியின் நெஞ்சுக்கறி அரை மணிக்குள் வெந்துவிடும். அதற்குமேல் அடுப்பில் இருக்கும் நேரமெல்லாம் அதன் சாறு குழம்புக்குள் போய், கறி சக்கையாகிறது. ஊறவைப்பதிலும் பெரிய லாபம் இல்லை. ஒயினின் நிறம் கறியின் மேற்பரப்பைத் தாண்டி அதிகம் இறங்குவதில்லை. நனைந்த தோலோ நன்றாகத் துடைக்காவிட்டால் வாணலியில் சிவக்காமல் அவிந்துபோகிறது.

ஜூலியா சைல்ட், சிமோன் பெக், லூயிசெட் பெர்தோல் மூவரும் அமெரிக்க வீடுகளுக்காக எழுதி 1961இல் வந்த 'மாஸ்டரிங் தி ஆர்ட் ஆஃப் பிரெஞ்ச் குக்கிங்' இந்த முரண்பாட்டை நேராக எதிர்கொண்டது. அதில் ஊறவைக்கும் வேலையே கிடையாது. இளங்கோழியை 25 முதல் 30 நிமிடம் வேகவைத்து எடுத்துவிட்டு, குழம்பை மட்டும் தனியே சுண்டவைத்து, வெண்ணெயில் பிசைந்த மாவால் கெட்டியாக்குகிறார்கள். சரியான முடிவு அது. ஜெலட்டின் தரும் கனத்தை மாவு தராதுதான். சக்கையான கறியைவிட அந்தக் குறை எவ்வளவோ தேவலை.

இந்தச் சமையலின் உண்மையான மேதைமை வேறோர் இடத்தில் இருக்கிறது. பன்றிக்கொழுப்புத் துண்டுகளை முதலில் உருக்கி, அந்தக் கொழுப்பிலேயே கோழியைச் சிவக்க வைக்கிறார்கள். சின்ன வெங்காயம் வேறு சட்டியில் வெண்ணெயில் நிறம் மாறி, கொஞ்சம் சாற்றில் முழுசாக வேகிறது. காளான் இன்னொரு வாணலியில், நெருக்கமில்லாமல், தண்ணீர் வற்றி ஓரம் முறுகும்வரை வதங்குகிறது. கடைசியில்தான் எல்லாம் ஒன்றுசேர்கின்றன. அதனால்தான் புளிப்பும் துவர்ப்புமான ஒயினுக்கு நடுவே வெங்காயத்தின் இனிப்பும் காளானின் மண்மணமும் தனித்தனியே நாக்குக்குத் தெரிகின்றன. பாத்திரம் கழுவச் சோம்பி எல்லாவற்றையும் ஒரே சட்டியில் கொட்டும்போது இதுதான் அழிகிறது. பயனற்ற ஊறலை விடாமல் பிடித்துக்கொண்டு, ருசியின் உயிர்நாடியை விட்டுவிடுகிறோமே என்பதுதான் என் ஆதங்கம்.

ஒயின் விஷயத்திலும் மயக்கம் உண்டு. விலை உயர்ந்த, முதிர்ந்த ஒயினின் நுண்மணங்கள் கொதியில் பறந்துவிடும். அதை ஊற்றுவது வீண். மட்டமான ஒயினோ சுண்டச் சுண்டப் புளிப்பையும் துவர்ப்பையும் கூட்டிக்காட்டும். பர்கண்டிச் சிவப்புதான் வேண்டும் என்றும் இல்லை. அல்சாஸில் ரீஸ்லிங் என்ற வெள்ளை ஒயினிலும், ஜுராவில் அந்த ஊர் மஞ்சள் ஒயினிலும் இதே சமையல் நடக்கிறது. கோன்யாக் பிராந்தி ஊற்றித் தீ மூட்டுவது கண்ணுக்கு விருந்து. அதைத் தவிர்த்தாலும் நஷ்டம் அதிகமில்லை. கொதித்தால் மது முழுவதும் ஆவியாகிவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. அமெரிக்க வேளாண் துறையின் கணக்குப்படி அரை மணி கொதித்த பிறகும் ஏறத்தாழ 35 சதவீதமும், இரண்டரை மணிக்குப் பிறகு 5 சதவீதமும் தங்குகின்றன. வேக்காட்டைக் குறைப்பவர்கள், பந்தியில் குழந்தைகளோ மதுவை விலக்குபவர்களோ இருந்தால், முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

பிராய்லர்தான் கிடைக்கும் என்றால் நெஞ்சை வேறு சமையலுக்கு ஒதுக்கிவிட்டுத் தொடையும் காலும் மட்டும் எடுத்து முக்கால் மணி வேகவிடலாம். அந்தக் கறி தாங்கும். பிரான்சில் 'லேபல் ரூஜ்' முத்திரை பெற்ற கோழி குறைந்தது 81 நாள் வளர்ந்தது. அது இன்னும் கொஞ்சம் நேரம் பொறுக்கும். முற்றிய சேவலே அகப்பட்டால் பழைய பக்குவம் முழுவதும் அதற்கு உரியது. செய்முறை எழுதுகிறவர்கள் ஒயினின் பெயருக்கு முன்னால், முதல் வரியிலேயே, கோழியின் வயதைக் குறிப்பிட வேண்டும்.