படம் வருமுன் வந்த பரிகாசம்

லண்டனில் 'பஞ்ச்' இதழ் 1841லேயே தோன்றி, அரசியல்வாதிகளைப் படம் போட்டுப் பரிகசித்தது. லக்னோவில் 1877ல் பிறந்த 'அவத் பஞ்ச்' என்னும் உருது இதழ் அவ்வழியைப் பின்பற்றியது. தமிழிலோ, பாரதியாரின் 'இந்தியா' வாரப்பத்திரிகை 1906ல் வெளிவந்த பிறகே கருத்துப்படம் அரசியல் ஆயுதமாயிற்று. அவ்வாறாயின் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழர் அதிகாரத்தைப் பார்த்து நகைக்கவே இல்லையா? நகைத்தனர், ஆனால் எழுத்தில் நகைத்தனர்.

அந்த நகைப்பு மிகக் கூர்மையாக விழுந்த இடம் நியாயஸ்தலம். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளை 1879ல் வெளியிட்ட 'பிரதாப முதலியார் சரித்திர'த்தில், தமிழர் நீதிபதியாக அமர்ந்து, தமிழர் வழக்காட, தமிழரான கட்சிக்காரர் ஒன்றும் விளங்காமல் நிற்க, வாதம் மட்டும் ஆங்கிலத்தில் நடக்கும் வேடிக்கையை எள்ளுகிறார். தன் நிலத்தின் கதி என்னவாயிற்று என்பதைத் தன் வக்கீலிடமே பிறகு கேட்டறிய வேண்டிய குடியானவனை எண்ணிப் பார்த்தால், இது வெறும் வேடிக்கையன்று என்பது விளங்கும். பிள்ளையவர்கள் வாய்ப்பேச்சுடன் நின்றவரும் அல்லர். நீதிமன்றத் தீர்ப்புகளைத் தமிழாக்கி 1862ல் 'சித்தாந்த சங்கிரகம்' என நூலாக்கியவர்.

எனினும் ஒரு குறையைச் சொல்லத்தான் வேண்டும். அவர் நகைச்சுவை விரைவிலேயே உபதேசமாகிவிடுகிறது. கடிந்து சொல்ல நேரும் இடங்களில் பாத்திரங்கள் மறைந்து, முன்சீப்பே பேசத் தொடங்கிவிடுகிறார். நல்லாட்சியைக் காட்டவும் அவருக்கு விக்கிரமபுரி என்னும் கற்பனை நாடும், ஆண் வேடம் பூண்ட ஞானாம்பாளும் தேவைப்பட்டனர். சர்க்கார் உத்தியோகம் பார்த்தவருக்கு அது இயல்புதான்.

அதற்கடுத்த ஆண்டே, அதே சென்னை மாகாணத்தின் மறுகோடியில், ராஜமந்திரியில் கந்துகூரி வீரேசலிங்கம் பந்துலு 'வியவகார தர்மபோதினி'யை மேடையேற்றினார். இங்கும் பொருள் வக்கீல்களும் கோர்ட்டுப் புரட்டுகளுந்தான். ஆனால் மாந்தர் பேச்சுவழக்குத் தெலுங்கில் பேசித் தம்மைத் தாமே காட்டிக் கொடுத்துக்கொள்கின்றனர். கேலியின் வலிமையில் பந்துலுவே ஒருபடி மேல் என்பது நம் துணிபு. தமிழ்ப் பற்றுள்ள அன்பர்கள் பொறுத்தருள்க!

இவ்விரு எழுத்தாளர்களும் ஒருவரையொருவர் படித்தனரா என்பதல்ல நம் கேள்வி. இரு மொழியாருக்கும் நோவு ஒன்றாக இருந்தது என்பதே நமக்கு முக்கியம். அந்நாளில் நம் ரேணிகுண்டாவும் வட ஆர்க்காடு ஜில்லாவில்தான் இருந்தது. ஜில்லாவின் தலைமை இடம் சித்தூர். தமிழும் தெலுங்கும் கலந்து வழங்கிய இந்தப் பக்கத்துக் குடிகளுக்கு, மூன்றாவதாக ஒரு மொழியில் நீதி வந்தால் அது எப்படி ஒலித்திருக்கும்!

அரசாங்கத்தையே நேராகச் சித்திரித்த 'இந்தியா' 1908ல் அடக்குமுறைக்கு அஞ்சிப் புதுச்சேரி செல்ல நேர்ந்தது. 1910ல் நின்றும் போயிற்று. எழுத்தறியாதவனும் படத்தைப் பார்த்துச் சிரிப்பான் அல்லவா? முந்தைய நூற்றாண்டின் உரைநடைக் கேலிக்கு அந்த ஆபத்தும் இல்லை. அந்தப் பயனும் இல்லை.

வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்கும் பயிலும் நம் பிள்ளைகளுக்கு ஒரு வசதி உண்டு: இந்த நாவலையும் அந்த நாடகத்தையும் மூலத்திலேயே அருகருகே வைத்துப் படிக்கலாம். பந்துலுவை முதலில் எடுத்துக்கொண்டால் பக்கங்கள் விரைந்து ஓடும்.