ஆம்பூர் நடுகற்களும் கரந்தைப் பகுப்பும்

புறத்திணை ஏழெனக் கொண்ட தொல்காப்பியர் நிரை கவர்தலையும் நிரை மீட்டலையும் வெட்சி என்னும் ஒரு திணையுள் அடக்கினார். கரந்தை என்னும் சொல்லை அவர் ஆண்டுளார். எனினும் அதனைத் தனித்திணையாக்கினாரல்லர். புறப்பொருள் வெண்பாமாலை செய்த ஐயனாரிதனாரோ திணைகளைப் பன்னிரண்டாக விரித்து, வெட்சியின் பின்னர்க் கரந்தையை வேறு நிறுத்தினார். கவர்வோன் வேறு, மீட்போன் வேறு, சூடும் பூவும் வேறு. ஆதலின் பிற்பகுப்பே தெளிவுடையது என்பாருளர். வகுப்பறையிற் பாடம் சொல்வார்க்கு அஃது எளிதென்பதில் ஐயமில்லை. யானும் பல்லாண்டு அவ்வாறே சொல்லி வந்தேன். ஆயின் பாலாற்றங்கரையில் நிற்கும் கற்கள் அத்தெளிவை ஏற்கின்றனவா என்பது ஆராயற்பாலது.

பழைய வடார்க்காட்டு மாவட்டத்தைச் சார்ந்ததும், 2019 முதல் திருப்பத்தூர் மாவட்டத்துள் அமைந்ததுமான ஆம்பூர், இன்று தோல் பதனிடுதற்கும் காலணிக்கும் பெயர் பெற்ற ஊர். இவ்வூரில் கிடைத்த இரு நடுகற் கல்வெட்டுக்களை ஹுல்ச் என்பார் 'எபிகிராபியா இண்டிகா' நான்காம் தொகுதியில் பதிப்பித்தார். பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் 26ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது ஒன்பதாம் நூற்றாண்டின் இறுதியில், நுளம்பனது படை ஆமையூர்மேல் வந்து தொறுக்கொள்ள, அதனை எதிர்த்துப் பட்ட வீரர்க்கு எடுத்த கற்கள் அவை. ஆமையூரே இன்றைய ஆம்பூர்.

இங்கு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வந்தது கள்வர் கூட்டமன்று. ஓர் அரசன் படை. கவர வந்ததோ அரண் அன்று, பொன்னும் அன்று, ஊரார் ஆனிரை. சங்கச் செய்யுட்களின் காலத்திற்குப் பன்னூறு ஆண்டு பிற்பட்டும், பேரரசுகளின் எல்லைப்போர் ஓர் ஊரின் மாட்டுத் தொழுவத்தில் தொடங்குகிறது. வெட்சி பிற்காலத்தில் வெறும் புலனெறி வழக்காய்ச் சுருங்கிற்று என்று எழுதுவோர் இக்கற்களைக் கண்டிலர் போலும். மேலும், இறந்தவன் பெயரும் அவன் எவர்க்குச் சேவகம் செய்தான் என்பதும் கல்லில் உள. மன்னன் பெயர் ஆண்டு குறித்தற்கு மட்டுமே வருகிறது. கல் நின்றது மன்னனுக்காக அன்று.

இவ்வியல்பு ஆம்பூர்க்கே உரியதன்று. செங்கத்துச் சுற்றுப்புறக் கற்களைத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 1972இல் 'செங்கம் நடுகற்கள்' என நூலாக வெளியிட்டது. அவற்றுள் மகேந்திரவர்மனின் 34ஆம் ஆட்சியாண்டில் எழுந்த எடுத்தனூர்க் கல், எருமை நிரையின் பொருட்டு இறந்த கருந்தேவகத்தி என்பானைக் கூறுவதோடு அமையாது, அவனுடன் நின்று கள்வரைக் கடித்த கோவிவன் என்னும் நாயின் பெயரையும் உருவையும் காட்டுகிறது. கலிங்கப் போரைப் பாடிய சயங்கொண்டார் கருணாகரத் தொண்டைமானைப் பாடினார். களத்தில் மாய்ந்த எளிய வீரன் ஒருவன் பெயரை அப்பரணியிற் காணோம். பேய்கட்குக் கூழாதலே அங்கு அவர்தம் பங்கு. ஒரு நாய்க்குக் கிட்டிய பேறு பரணி வீரனுக்குக் கிட்டிற்றில்லை. இது சயங்கொண்டார் குறையன்று. தலைவனைப் பாடும் இலக்கிய வகைக்கு இயல்பான எல்லை. ஆயின் புறப்பாடல் மரபை ஆராய்வோர் பரணியைக் கொண்டு படைவீரன் வாழ்வை எழுதப் புகுதல் பொருந்தாது.

இனிப் பகுப்பிற்கு வருவோம். மீட்கப் பட்டார்க்கேயன்றிக் கவரச் சென்று பட்டார்க்கும் கற்கள் உள. இருசாரார்க்கும் தொறு, பட்டான் என்னும் சொற்களே ஆளப்படுகின்றன. உருவ அமைதியும் ஒன்றே. கல் நட்டோர் இரண்டையும் ஒரே நிகழ்ச்சியின் இருபுறமாகவே கண்டனர். தன்னூர்க்குக் கரந்தையோன் ஆனவன் அடுத்த வேனிலில் மற்றோர் ஊர்க்கு வெட்சியோன் ஆதலும் கூடும். ஆகவே இரண்டையும் ஒரு திணையாக்கிய தொல்காப்பியர் பகுப்பு, நிலத்து வழக்கை உடன்கொண்டு எழுந்தது எனல் பொருந்தும்.

காட்சி, கால்கோள், நீர்ப்படை, நடுகல், பெரும்படை, வாழ்த்தல் என்னும் துறைகளையும் அவர் அவ்வெட்சியுள்ளேயே வைத்தார். ஐயனாரிதனார் இவற்றைப் பெயர்த்துப் பொதுவியற் படலத்தில் இட்டார். நடுகல் நிரைப்போரில் இறந்தார்க்கே உரியதன்று, புலியொடு பொருது பட்டார்க்கும் உண்டு என்பது அவர் பக்கத்து நியாயம். அதனை முற்றும் தள்ளுதற்கில்லை. இளங்கோவடிகள் வஞ்சிக்காண்டத்தில் இத்துறைப் பெயர்களையே காதைப் பெயராக்கி, படைவீரனுக்குரிய சடங்கைக் கண்ணகிக்கு ஆக்கினமையும் அப்பொதுமைக்குச் சான்றாம். எனினும் சடங்கு பிறந்த இடமும் பரந்த இடமும் வேறு. தொல்காப்பியர் காட்டுவது பிறந்த இடம்.

இடைப்பிறவரலாக ஒன்று. தமிழில் தோல் என்பது கேடயத்திற்கும் பெயர். பண்டைப் படைஞனைக் காத்த அத்தோல், இம்மண்ணில் ஒருமுறை படைஞனைக் கிளர்ந்தெழவும் செய்தது. கும்பினியார் புகுத்திய புதுத் தலைப்பாகையில் தோலாலாய பதக்கம் இருந்தமையும், சமயக்குறி, தாடி, காதணி விலக்கப்பட்டமையும் 1806 சூலை 10இல் வேலூர்க் கோட்டைச் சிப்பாய்கள் எழுந்தமைக்குக் காரணங்களுள் தலையாயின. ஆர்க்காட்டிலிருந்து வந்த கில்லெஸ்பியின் குதிரைப்படை அதனை அடக்கியது. கோட்டையிலிருந்த சென்னைப் படைப்பிரிவுகள் பின்னர்க் கலைக்கப்பெற்றன. நினைவுத்தூண் எழுந்தது நெடுங்காலம் கழித்தே. காட்சியும் கால்கோளும் இன்றி, நேரே வாழ்த்திற்கு வந்த நினைவு அது.

அவ்வேலூரின் நீண்ட கடைத்தெரு மணிக்கூண்டில் ஓர் ஆங்கிலக் கல்வெட்டு உளது. முதல் உலகப் போர்க்கு இவ்வூரினின்று 277 பேர் சென்றனர், அவருள் 14 பேர் உயிர் நீத்தனர் என்பது அதன் பொருள். பெயர் ஒன்றும் இல்லை. எக்களத்தில், எதன் பொருட்டு என்பதும் இல்லை. நம் நாட்டின் பிற ஊர்களிலும் இதே வாய்பாட்டில் எண்ணை மட்டும் மாற்றிப் பொறித்த பலகைகள் உள. ஆயிரத்திற்கும் மேற்பட்ட ஆண்டுகட்கு முன் மாட்டுக்காக இறந்தவன் தன் பெயரோடு நிற்கிறான். கடல் கடந்து போய் இறந்த பதினால்வர் ஓர் எண்ணாய் நிற்கின்றனர். தம் எல்லையில், தமக்காக இறந்தவனை அவனை அறிந்தோர் நட்டது முன்னது. எண்ணிக்கை கேட்ட அரசு பதித்தது பின்னது. தொல்காப்பியர் நடுகல்லை ஊரின் நிரையொடு சேர்த்து வைத்தமையின் பொருள் இவ்விரண்டையும் ஒருங்கு நோக்குவார்க்கே விளங்கும்.

ஓரிடத்தில் மட்டும் ஐயனாரிதனார்க்கு யாம் இணங்க வேண்டியுளது. அவர் கூறும் இறுதித் துறை இற்கொண்டு புகுதல். கல்லைக் கோயிலுள் கொண்டு புகுவித்தல். செங்கம், தருமபுரிப் பக்கங்களில் நடுகற்கள் பல இன்று வேடியப்பன் என்னும் பெயரால் வழிபடப்படுகின்றன. பொங்கலிட்டு வணங்குவார் அக்கல்லில் வட்டெழுத்தில் உள்ள பெயரைப் படிப்பதில்லை. மஞ்சளும் எண்ணெயும் ஏறி எழுத்து மறைந்தனவும் உள. மணிக்கூண்டின் எழுத்தைக் கடைத்தெருவிற் செல்லும் எவரும் படிக்கலாம்; அங்குப் படிக்கப் பெயர் இல்லை.

வேடியப்பன் கோயில்களில் துடைத்துப் படிக்கப்பெறாத கற்கள் இன்னும் எத்துணை உள என்பதை முதுகலை மாணாக்கர் ஊர்தோறும் சென்று காணல் வேண்டும். கவர்ந்தார் கல், மீட்டார் கல் என அவற்றைப் பிரித்து எண்ணிய பின்னரே இவ்வழக்கில் மேலும் சொல்ல இயலும்.